ஒரு மாதச் சக்கரம்

தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமையைப் பகைவருக்கு எடுத்துச் சொல்ல ஔவையாருக்கு ஓர் உவமை வேண்டியிருந்தது. புலி, யானை, இடி என்று எத்தனையோ கைவசம் இருந்தும் அவர் போய் நின்ற இடம் ஒரு தச்சுப் பட்டறை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்கிற கைகாரத் தச்சன். அவனே ஒரு மாதம் முழுதும் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும்? எங்களிடம் இருப்பவன் அப்படிப்பட்டவன், களத்தில் கால் வைக்கும் முன் யோசியுங்கள் என்கிறார். புறநானூற்றின் 87ஆம் பாட்டு அது. நான்கே அடி.

அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமானின் வாயிற்காவலனிடம் கோபித்துக்கொண்டு ஔவையார் பாடிய 206ஆம் பாட்டிலும் தச்சன் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். கோடரியோடு காட்டுக்குள் போகிற பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலைக்கு மரம் கிடைக்கும். கலை தெரிந்த தனக்கும் எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்பது அவர் வாதம். இன்னொரு பாட்டில் ஒரு கட்டில் வருகிறது. தகடூரை வென்றதையே பட்டப்பெயராகப் பெற்ற சேர மன்னன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், நீராட்டுக்குப் போன முரசின் கட்டில் காலியாக இருந்தது. களைத்து வந்த புலவர் மோசிகீரனார் தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்டார். தலையை வாங்கவேண்டிய குற்றம். மன்னனோ விசிறி எடுத்து வீசினான்.

ஒரு சக்கரம், ஒரு கோடரி, ஒரு கட்டில். தருமபுரி மண்ணின் மரவேலை வரலாற்றைத் தொடங்க இதைவிட நல்ல மூன்று சாமான்கள் கிடைக்காது. அதிலும் அந்தச் சக்கரம் முக்கியமானது. அதே தச்சன், அதே உளி, அதே மரம். எட்டுத் தேருக்கும் அந்த ஒரு சக்கரத்துக்கும் நடுவில் கூடியது நாள் மட்டும்தான். அந்த நாளுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி இந்தத் தொழிலைப் பிறகு எப்போதும் விட்டதில்லை.

தருமபுரி மேட்டு நிலம். ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஊர்கள் குறைவு. ராகி, சாமை, புளி, மா என்று வானத்தைப் பார்த்து வளர்ந்த வெள்ளாமை. பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் காடு. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் வரை ஒரு பக்கம், அரூருக்கு அப்பால் சித்தேரி மலை மறுபக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் போலக் கப்பலில் பர்மா தேக்கை வரவழைத்துத் தூண் நிறுத்திய ஊர் இல்லை இது. கைக்கு எட்டிய மரத்தில் வேலை செய்த ஊர்.

கைக்கு எட்டிய மரம் என்றால் கண்டபடி வெட்டியது என்று பொருள் இல்லை. எந்த மரம் எதற்கு என்பதில் ஆசாரிகளுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கலப்பைக்குக் கருவேல். செக்குக்கு வாகை. நிலைக்கும் கதவுக்கும் வேங்கை. கட்டிலுக்கு வேம்பு, பூச்சி அண்டாது, படுத்தால் உடம்புக்குக் குளிர்ச்சி என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டு வாங்குவார்கள். அடி தாங்கவேண்டிய கொட்டாப்புளிக்கும் கறிக்கடைக் கட்டைக்கும் புளி. மாமரப் பலகை மலிவு, ஆனால் பூச்சி அரிக்கும். பெட்டி அடிக்கத்தான் சரி. மரத்தின் நடுவில் இறுகிக் கிடக்கும் பகுதியை வைரம் என்பார்கள். அந்த வைரத்தை வைத்துத்தான் தொல்காப்பியமே தாவரத்தைப் பிரிக்கிறது: உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். பனையைப் பிளந்து சட்டம் எடுக்கிறவர் வெளிப்பக்கத்தை வைத்துக்கொண்டு நடுச்சோற்றைத் தள்ளிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இலக்கணம் பட்டறையிலிருந்து வந்ததோ என்றுகூடத் தோன்றும்.

அந்தக் காலத்தில் ஆசாரிக்குக் கடை இல்லை. ஊர்தான் கடை. உழவர்களுக்குக் கலப்பை, மேழி, நுகத்தடி எல்லாம் செய்து, உடைந்ததைச் சரிசெய்து கொடுப்பது அவர் கடமை. அறுவடையின்போது களத்தில் அவருக்கென்று தானியம் அளப்பது ஊரின் கடமை. அந்தப் பங்குக்கு மேரை என்று பெயர். தருமபுரிப் பக்கத்தில் அளந்தது பெரும்பாலும் ராகியாக இருந்தது. விளைந்த வருடம் ஆசாரிக்கும் விளைச்சல். பொய்த்த வருடம் அவருக்கும் பட்டினி. நாள் கணக்கும் மணிக் கணக்கும் இதில் நுழையவே இல்லை. ஏர் ஓடியதா, மேரை வந்ததா, அவ்வளவுதான்.

வீட்டுச் சாமான் மேரையில் சேராது. கட்டில், தொட்டில், கதவு, பெட்டி, பிள்ளை நடை பழக நடைவண்டி, களி கிண்டத் துடுப்பு என்று கேட்டால் தனிக் கூலி. இங்கேதான் வீட்டுத் தொழில் தொடங்குகிறது, ஆனால் அது ஆசாரியின் வீட்டில் நடந்ததில்லை, சாமான் கேட்டவரின் வீட்டில் நடந்தது.

பெண் பிறந்த வீட்டில் கொல்லை வேம்பின் மேல் அப்போதே ஒரு கண் விழுந்துவிடும். அவள் வளர வளர மரமும் பருக்கும். தக்க காலத்தில் மரத்தைச் சாய்ப்பார்கள். குழி தோண்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர் கீழே ஒருவராக இரண்டு அறுப்புக்காரர்கள் பெரிய வாளை இழுப்பார்கள். கீழே நிற்பவர் தலையெல்லாம் மரத்தூள். சில வீடுகளில் அறுக்கும் முன்பே மரத்தைக் குளத்திலோ கிணற்றிலோ மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். மரத்துக்குள் இருக்கும் சாறு கரைந்து போனால் பூச்சி வராது என்பது அனுபவம். பிறகு பலகைகளைப் பரண் மேல் ஏற்றி மறந்துவிடுவார்கள். கல்யாணம் நிச்சயமானதும் ஆசாரி கருவிப் பையோடு வந்து திண்ணையில் உட்காருவார். இரண்டு வேளைச் சாப்பாடு, கூலி, வெற்றிலை. வேலை முடியும் வரை அந்தத் திண்ணைதான் பட்டறை. பிள்ளைகளுக்கு விளையாட இழைப்புச் சுருள். சங்க காலக் குழந்தைகளும் தச்சன் செய்துகொடுத்த சிறு வண்டியை இழுத்து விளையாடியதாகக் குறுந்தொகை சொல்கிறது. திண்ணையில் வேலை நடந்த வீட்டில் அப்படியொரு வண்டி மிச்சக் கட்டையில் இலவசமாகவே கிடைத்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லவேண்டும். மரம் வீட்டுக்காரருடையது, அது காய்வதற்கான காலத்தையும் அவரே சுமந்தார். ஆசாரி தன் பணத்தை எதிலும் முடக்கவில்லை. அது நல்லது. கெட்டது, அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடியாது என்பது. சாதிக்கு ஒரு தெருவும் தெருவுக்கு ஒரு மரியாதையும் இருந்த ஊரில் மேல்சாதிக்காரர் எதிரே கட்டிலில் உட்காரக்கூடத் தடை இருந்தவர்கள் இருந்தார்கள். மரச்சாமானின் வரலாற்றை எழுதும்போது யார் செய்தார்கள் என்பதோடு யாரை அதில் உட்காரவிட்டார்கள் என்பதையும் எழுதாவிட்டால் அது பாதி வரலாறு.

தருமபுரி வீடுகளின் உண்மையான மரச்சாமான் கயிற்றுக் கட்டில்தான். அதன் வேலைத்திறனைப் பலரும் கவனிப்பதில்லை. நான்கு கால், நான்கு சட்டம், ஒரு ஆணி கிடையாது. ஒவ்வொரு காலின் தலைப் பகுதியிலும் இரண்டு பக்கம் துளை. நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் ஒன்றையொன்று இடிக்காதபடி துளைகளைச் சற்று ஏற்றி இறக்கி எடுக்கவேண்டும். சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி மெலிதாக்கித் துளைக்குள் இறக்குவார்கள். கையால் தட்டி இறக்கினால் இறங்கக்கூடாது, கொட்டாப்புளியால் தட்டினால் இறங்காமல் நிற்கவும் கூடாது. அந்த இடைவெளி அளவுகோலில் இல்லை, கையில் இருக்கிறது. அதன் பிறகு கயிறு. நாரோ கயிறோ குறுக்கும் நெடுக்குமாக ஏற ஏறச் சட்டங்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. இழுபட இழுபட நாக்கு துளைக்குள் இன்னும் ஆழமாகப் போகிறது. ஆள் படுத்தால் பாரம் கயிற்றை இழுக்கிறது, கயிறு சட்டத்தை இழுக்கிறது, மூட்டு இறுகுகிறது. கட்டிலை ஆட்டம் காண வைக்கவேண்டிய பாரமே அதைக் கட்டிப் பிடிக்கிறது. கயிறு தொய்ந்தால் கால்மாட்டில் இருக்கும் இழுப்புக் கயிற்றை இறுக்கினால் போதும். வீட்டில் யாராலும் முடியும்.

1792இல் திப்பு சுல்தானுடன் நடந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தது. தருமபுரியும் அதில் அடக்கம். நிர்வாகத்துக்கு அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவரிடம் உதவியாளராகப் பணியாற்றிய தாமஸ் மன்றோ பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரானார். இருவரும் இங்கே தொடங்கிய ரயத்துவாரி வரிமுறை மாகாணம் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு உழவரும் சர்க்காருக்கு நேரடியாகக் காசாக வரி கட்டவேண்டும் என்று ஆனதும் களத்து மேரைக்குப் பக்கத்தில் காசுக் கணக்கும் வந்து உட்கார்ந்தது. மேரை ஒரே நாளில் போய்விடவில்லை. 20ஆம் நூற்றாண்டு பாதி கடந்தும் பல ஊர்களில் நீடித்தது. இரும்புக் கலப்பையும் டிராக்டரும் வந்தபோதுதான் அதற்கு முடிவு.

மரத்துக்கு வந்த சோதனை அதைவிட வேகமானது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை 1860களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம் வழியாக ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் அடியில் குறுக்குக் கட்டை போட மரம், எஞ்சின் எரிக்க மரம். சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக 1856இல் பொறுப்பேற்ற கிளெக்ஹார்ன் இந்தத் தேவையைப் பார்த்துக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார். 1882இல் சென்னைக் காடுகள் சட்டம் வந்தது. காட்டுக்கு எல்லைக் கல் நட்டார்கள். ஔவையார் பாட்டில் கோடரியோடு எந்தத் திசையிலும் போன பிள்ளைகள் இப்போது எந்தத் திசையிலும் அனுமதிச் சீட்டு கேட்டு நின்றார்கள்.

சாமான்களும் மாறின. மேசை, அலமாரி, சன்னல், சாவி எல்லாம் போர்த்துகீசியர் வாயிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். சொல் வந்த வழியே பொருளும் கடற்கரையிலிருந்து மெதுவாக உள்நாட்டுக்கு நடந்தது. கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாற்காலி, பெஞ்சு; வசதியுள்ள வீட்டுக்குச் சாய்வு நாற்காலி. பிரம்பு பின்னிய இருக்கை இந்த வெயிலுக்கு ஏற்ற அருமையான வேலை. முதுகுக்குக் காற்று போகும். கட்டிலுக்குக் கடைசல் கால் வந்தது. கலப்பை செய்த கைகள் படம் பார்த்து நாற்காலி செய்யப் பழகின. சாமான் கேட்டவர்களும் புதியவர்கள்: வாத்தியார், கணக்குப்பிள்ளை, போஸ்ட் மாஸ்டர். இவர்களுக்குக் கொல்லை வேம்பு இல்லை, வாடகை வீட்டில் திண்ணையும் நிச்சயமில்லை. அதனால் மரத்தையும் ஆசாரியே வாங்கவேண்டும், வேலையையும் தன் வீட்டிலேயே செய்யவேண்டும். திண்ணை இடம் மாறியது. இன்று நாம் வீட்டுத் தொழில் என்று சொல்வது அங்கே பிறந்ததுதான். அதோடு ஒரு சுமையும் இடம் மாறியது: மரம் காய்வதற்கான காலத்தை இனி ஆசாரி சுமக்கவேண்டும்.

1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டம் ஆனது. கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தது. 2004இல் அது தனியாகப் போனது. புது மாவட்டம் என்றால் புது அலுவலகங்கள், புது மேசை நாற்காலிகள். அதே 1965இல் தமிழ்நாடு சிறுதொழில் கழகமான டான்சியும் தொடங்கியது. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மரச்சாமானும் இரும்புச் சாமானும் செய்து தருவது அதன் வேலைகளில் ஒன்று. கூரைக்குக் கீழே நான்கு கருவிகளோடு உட்கார்ந்திருந்த வீட்டுப் பட்டறைக்காரர் நூறு நாற்காலி டெண்டரில் எப்படிக் கலந்துகொள்வார்? அவருக்கு மிஞ்சியது கல்யாணச் சீர்.

அந்தச் சீரிலும் இரும்பு நுழைந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1923லேயே இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியிருந்தாலும் கிராமத்துச் சீர்வரிசையில் பீரோ கட்டாயமானது பிற்பாடுதான். மரப்பெட்டி பரணுக்குப் போனது. 1990களில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பந்தல் வாடகைக் கடைகளின் மர பெஞ்சுகளும் மடக்கு நாற்காலிகளும் சில வருடங்களில் காணாமல் போயின. ஒரு கையால் நான்கு நாற்காலிகளைத் தூக்கலாம், மழையில் கிடந்தாலும் கவலை இல்லை, விலையோ மரத்தின் பக்கத்தில் கூட வராது. ஒரு நாளில் எட்டுத் தேர் என்ன, எண்ணூறு நாற்காலியே வார்த்தெடுக்கிற அச்சு இயந்திரம் அது. அதோடு மோதி ஜெயிக்க எந்த ஆசாரியாலும் முடியாது, மோதவும் தேவையில்லை.

காடோ அப்போது பயத்தின் இடமாகியிருந்தது. சந்தன மரம் சொந்த நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே சொந்தம் என்று சட்டம் இருந்த காலம். நில உரிமையாளருக்கு அதில் உரிமை கிடைத்தது 2002க்குப் பிறகுதான். கடத்தல் பெருகியது. அரூர் அருகே வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக் கட்டை தேடல் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து, மலைவாழ் மக்களின் வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. சந்தனக் கடத்தல் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டதும் இதே மாவட்டத்தில், 2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகில். ஒரு மரத்தின் விலை எகிறியபோது அந்த மரம் வளர்ந்த ஊரின் ஏழைகள் தலையில் என்ன விழுந்தது என்பதற்கு வாச்சாத்தியைவிடக் கொடிய சாட்சி தமிழ்நாட்டில் இல்லை. மரச்சாமான் பேச்சில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மரச்சாமானைப் பற்றிப் பேச முடியாது என்பதே பதில்.

வாச்சாத்திக்கு மூன்று வருடம் முன்பு, 1989இல், அதே மாவட்டத்தில் வேறொன்று தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அமைக்கும் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டம் தருமபுரி. பெண்கள் வாரம் சில ரூபாய் சேர்த்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கிக் கதவைத் தட்டினார்கள். 1997இல் அது மகளிர் திட்டமாக மாநிலம் எங்கும் விரிந்தது. வீட்டுத் தொழில் செய்கிற குடும்பங்களுக்குக் கந்துவட்டிக்கு மாற்றாக ஒரு கதவு திறந்தது என்பது பெரிய விஷயம். மரப் பட்டறை உள்ள வீட்டுக்கும் அந்தக் கதவு பொருந்தும்.

ஆனால் மரத்துக்கும் கடனுக்கும் காலக்கணக்கு ஒத்துவராது. பச்சை மரம் காயும்போது சுருங்கும். அதுவும் ஒரே மாதிரி சுருங்காது: வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் காயாத பலகை வளைகிறது, கதவு விரிசல் விடுகிறது, கட்டில் கால் ஆடுகிறது. ஒரு அங்குலக் கனமுள்ள பலகை நிழலில் காற்றோட்டமாகக் காய ஒரு வருடம் என்பது உலகமெங்கும் மரவேலைக்காரர்களின் பொதுக் கணக்கு. கடன் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். மரம் ஒரு வருடம் சும்மா கிடந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? பரணில் பலகையை ஏற்றி மறக்கிற வசதி பழைய வீட்டுக்காரருக்கு இருந்தது. இவருக்கு இல்லை. அரைகுறையாகக் காய்ந்த மரத்தில் வேலை செய்ய நேர்கிறது, ஆறு மாதம் கழித்து மூட்டு பிடிவிடுகிறது, ஆசாரிக்கு வேலை தெரியவில்லை என்று பேச்சு வருகிறது. அவருக்கு வேலை தெரியும். காத்திருக்கத்தான் காசில்லை.

இந்த இடத்தில் பக்கத்துப் புதுச்சேரியில் நடந்த ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட 1930களின் பிற்பகுதியில் ஜார்ஜ் நகஷிமா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வந்தார். அந்த விடுதிக்கான தேக்கு மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். அமெரிக்கா திரும்பியவரை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சத்தார் என்பதற்காகவே குடும்பத்தோடு முகாமில் அடைத்தார்கள். அங்கே ஜப்பானிய மரபில் தேர்ந்த ஒரு தச்சரிடம் கைவேலையை முறையாகக் கற்றார். வெளியே வந்ததும் பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் வீட்டோடு ஒரு பட்டறை. பலகைகளை வருடக்கணக்கில் அடுக்கிக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சாமான் தோன்றும் வரை காத்திருப்பது அவர் வழக்கம். உலகப் புகழ் பெற்ற பிறகும் பட்டறை வீட்டோடுதான் இருந்தது; அவருக்குப் பின் மகள் நடத்துகிறார். வீட்டுத் தொழில் என்பது சின்னத் தொழில் என்ற நினைப்புக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டாம்.

இன்றைய தருமபுரிப் பட்டறை தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. இழைப்புளிக்குப் பக்கத்தில் மின்சாரப் பிளேனர், தமருக்குப் பதில் டிரில் மிஷின். முன்பு அடுப்பில் காய்ச்சி நாறடித்த வஜ்ஜிரப் பசையை 1959இல் வந்த ஃபெவிகால் விரட்டிவிட்டது. கதவில் பூவேலை வேண்டுமென்றால் சிஎன்சி மிஷின் வைத்திருப்பவரிடம் பலகையைக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். மரவாடியில் தேக்கு என்று கிடப்பது ஆப்பிரிக்காவிலிருந்தோ தென்னமெரிக்காவிலிருந்தோ தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்ததாக இருக்கலாம். மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. வேலை தெரிந்த இளைஞர்களில் பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் அடுக்குமாடி வீடுகளில் பிளைவுட் ஒட்டப் போகிறார்கள். தினக்கூலி உறுதி, ஆனால் அங்கே நாக்கும் துளையும் எடுக்கவேண்டிய வேலை அபூர்வம்.

ஊரில் தங்கியவர்களுக்கு விலை வைப்பதுதான் பெரும் சங்கடம். ஒரு கயிற்றுக் கட்டிலின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்றுக்கு மூன்று அங்குலத்தில் ஒன்றரை அடி உயரக் கால் நான்கு: 648 கன அங்குலம். நான்குக்கு இரண்டு அங்குலத்தில் ஆறேகால் அடி நீளச் சட்டம் இரண்டு: 1,200. அதே கனத்தில் மூன்றரை அடிக் குறுக்குச் சட்டம் இரண்டு: 672. மொத்தம் 2,520 கன அங்குலம். ஒரு கன அடிக்கு 1,728 என்று வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை கன அடி. சேதாரம் சேர்த்தால் இரண்டு. வேம்பில் இது பெரிய தொகை ஆகாது. அப்படியானால் கட்டிலின் விலையில் பெரும்பங்கு கூலியாக இருக்கவேண்டும். வாங்க வருகிறவர் பேரம் பேசுவது சரியாக அந்தப் பங்கில்தான். மரம் என்ன விலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மேல் கேட்பதெல்லாம் கொள்ளை என்று நினைக்கிறார். 2017இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் நம் ஊர் மாதிரிக் கயிற்றுக் கட்டிலைக் கையால் செய்து 990 டாலருக்கு விளம்பரம் கொடுத்தபோது இந்தியாவே சிரித்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கயிற்றுக் கட்டிலா என்று. அவர் தன் நாளுக்கு விலை போட்டிருந்தார்.

விலையில் ஏறாத இன்னொரு நாளும் இருக்கிறது. கயிறு பின்னுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பாலிஷ் இழுப்பது, பாக்கிப் பணத்துக்குப் போன் போடுவது, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்த வீட்டுப் பெண்களின் வேலை. கணக்கு நோட்டில் அதற்குக் கூலி எழுதுவதில்லை. வீட்டுத் தொழிலில் லாபம் என்று சொல்லப்படுவதில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கூலி என்று பிரித்துப் பார்த்தால் பல பட்டறைகளின் உண்மைக் கதை வெளியே வரும். விலை சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லும் துணிவு வரவேண்டும்.

அரசுகள் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2023 செப்டம்பர் 17இல் மத்திய அரசு கொண்டுவந்த பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் உண்டு. குலத்தொழிலை வலியுறுத்துவதாகச் சொல்லித் தமிழ்நாடு அதை அப்படியே ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்கு, 35 வயது நிறைந்தவர்களுக்கு, எந்தச் சாதியாக இருந்தாலும் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் தருகிறது. உளி பிடிக்க ஆசாரி வீட்டில் பிறந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லாதது நல்ல முடிவு. தூத்துக்குடியில் 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட பன்னாட்டு மரச்சாமான் பூங்காவுக்கு 1,150 ஏக்கருக்கும் மேல் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது எட்டுத் தேர் செய்கிற இடம். மறுபுறம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும், தருமபுரிக்கு அண்டையில் உள்ள கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் அண்மை ஆண்டுகளில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சிற்பத்துக்குக் கிடைத்த மரியாதை கட்டிலுக்கும் மேசைக்கும் இன்னும் வரவில்லை.

கடன், மானியத்தோடு இன்னொன்றும் சேர்ந்தால் இந்தத் தொழிலுக்குப் பெரிய உதவியாக இருக்கும்: பலகை காய ஒரு பொது இடம். நான்கைந்து பட்டறைகளுக்கு நடுவில் காற்றோட்டமான ஒரு கொட்டகை, அடுக்குக்கு அடுக்கு இடைவெளி விட ரீப்பர், மரம் காயும் மாதங்களுக்குத் தவணை இல்லாத கடன். இயந்திரம் வாங்கக் கடன் கொடுக்கிறவர்கள் காத்திருக்கவும் கொடுக்கவேண்டும்.

இப்போதைக்கு அந்தக் கொட்டகையின் வேலையை வீட்டுச் சுவர் செய்கிறது. அடுப்படிக்குப் பின்புறம், ஓட்டு நிழலில், செங்கல் மேல் வேப்பம் பலகைகள் அடுக்கப்பட்டிருக்கும். விளிம்பில் சாக்பீஸால் மாதமும் வருடமும் எழுதியிருக்கும். மகளுக்குக் கட்டில் வேண்டுமென்று வந்தவர் அடுத்த முகூர்த்தத்துக்கே கேட்கிறார். ஆசாரி பலகையை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்கிறார். காய்ந்த மரம் கணீரென்று பேசும், ஈரம் இருந்தால் மொத்தென்று இருக்கும். மேல் அடுக்கு ஆகாது. கீழ் அடுக்கில் போன வருடத் தேதி போட்ட இரண்டு சட்டம் இருக்கிறது, கால் நான்குக்கும் தேறும். அவர் அதை உருவி எடுக்கிறார். மேலே இருப்பவை சரியாமல் மகன் தோள் கொடுத்துத் தாங்கிக்கொள்கிறான்.